37 லிட்டர் டேங்க்கில் 41 லிட்டர் எப்படிப் பிடித்தது? கார் டேங்க் கொள்ளளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்க் ஃபுல் போட்ட பில்லைப் பார்த்ததும் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும். கம்பெனி சொன்ன கொள்ளளவைவிட பில்லில் லிட்டர் அதிகமாக இருக்கும். உடனே பங்க்கில் வாக்குவாதம் தொடங்கும், பக்கத்தில் நிற்பவர் அதை வீடியோ எடுப்பார், சாயங்காலத்துக்குள் அது குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்து சேரும். இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

என் காரின் டேங்க் 37 லிட்டர். பங்க்கில் 41 லிட்டர் பில் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்கள்தானே?

இந்த ஒரு பில்லை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 37 லிட்டர் என்று எழுதிய டேங்க்கில் 41 லிட்டர் பிடிப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ மூன்றுக்கும் கையேட்டில் உள்ள எண் 37. அந்த எண், டேங்க் என்ற பாத்திரத்தில் விளிம்பு வரை எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. பத்திரமாக எவ்வளவு நிரப்பலாம் என்று கம்பெனி அறிவித்த அளவு அது. பாத்திரம் அதைவிடப் பெரியது.

அதற்காக பங்க் உத்தமமானது என்றும் அர்த்தமில்லை. மீட்டரில் கை வைத்திருக்கும் ஒரு பங்க், உங்கள் டேங்க்கில் 39 லிட்டர் ஊற்றிவிட்டு 41 என்று காட்டலாம். டேங்க்கை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு நிலைமையும் ஒரே மாதிரிதான் தெரியும். கார் டேங்க் யாரும் முத்திரை போட்டுத் தந்த அளவுப் பாத்திரம் கிடையாது. குற்றம் சாட்டவும் அது உதவாது, நற்சான்று கொடுக்கவும் உதவாது. உண்மையிலேயே சோதிக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அப்படியானால் கம்பெனி ஏன் அளவைக் குறைத்து எழுதுகிறது? நேராக உண்மையைச் சொன்னால் என்ன?

முதல் காரணம் வெப்பம். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அதன் கன அளவு சுமார் 0.095 சதவீதம் கூடும். டீசல் கொஞ்சம் குறைவாக, 0.08 சதவீதம் போல. கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் பங்க்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து வருகிறது. மே மாத மதியத்தில் அது 28, 30 டிகிரியில் வரும். நிரப்பிக்கொண்டு நேராக வெயிலில் காரை நிறுத்தினால், கீழே தார் ரோட்டின் சூடும் சேர்ந்து டேங்க்கில் உள்ளது 45 டிகிரியைத் தொடலாம். 40 லிட்டர் பெட்ரோல் 17 டிகிரி ஏறினால் அரை லிட்டருக்கு மேல் வீங்கும். டேங்க்கில் துளி இடமும் இல்லாமல் நிரப்பியிருந்தால் அந்த அரை லிட்டர் எங்கே போகும்? மூடி வழியாகக் கசியும், அல்லது ஆவி போகிற குழாய்க்குள் திரவமாகவே புகும். இரண்டுமே வேண்டாத வேலை.

அடுத்தது ஆவி. பெட்ரோல் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது தங்க மேலே ஓர் அறை மாதிரி இடம் வேண்டும். கார் மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வளைவில் சாயும்போதும் உள்ளே பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போதும் ஆவிக் குழாயின் வாய் மூழ்காமல் இருக்க வேண்டும். கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகளில் டேங்க் எப்படியெல்லாம் சாயும் என்று யோசித்தால் மேலே அந்தக் காலி இடம் எதற்கு என்று புரிந்துவிடும்.

மூன்றாவது, தயாரிப்பில் வரும் ஏற்ற இறக்கம். இப்போது பெரும்பாலான கார்களில் பிளாஸ்டிக் டேங்க்தான். சூடான பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதி அச்சுக்குள் உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு டேங்க்கின் சுவரும் இம்மி பிசகாமல் ஒரே கனத்தில் வராது. அப்புறம் பெட்ரோல் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் கொஞ்சம் உப்பவும் செய்யும். எந்த டேங்க் வந்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு நிச்சயம் கொள்ளும் என்று கம்பெனி ஓர் எண்ணைச் சொல்கிறது. கூடுதலாகக் கொண்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்; குறைவாகக் கொண்டால் போடுவார்கள்.

இன்னொன்று, அந்த எண் விளம்பரத் தாளோடு முடிந்துபோவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காரிலிருந்து எவ்வளவு பெட்ரோல் ஆவி வெளியேறுகிறது என்று சோதிக்கும்போது, அறிவித்த கொள்ளளவில் 40 சதவீதம் நிரப்பித்தான் சோதிக்கிறார்கள். ஆக, விதிமுறைக் கணக்குகளுக்கும் அதுவே அடிப்படை எண்.

சரி, எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கும்? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரே சதவீதம் கிடையாது. 10 சதவீதத்தை ஒட்டிக் கூடுதல் என்பது சகஜம். 15, 20 வரை போகும் கார்களும் உண்டு. இதில் ஒரு பகுதி டேங்க்கின் மேல்பக்கக் காலி இடம். இன்னொரு பகுதி, மூடியிலிருந்து டேங்க் வரை இறங்கும் குழாய். இந்தக் குழாயைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெரிய எஸ்யுவிகளில் மூடி உயரத்தில் இருக்கும், டேங்க் வண்டியின் வயிற்றில் இருக்கும். நடுவே இருக்கும் குழாயில் மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் நிற்கலாம்.

கையேட்டு எண்கள் சில, ஒப்பிட்டுப் பார்க்க: வேகன்ஆர் 32, டாடா நெக்ஸான் 44, எர்டிகா 45, பிரெஸ்ஸா 48, ஹூண்டாய் கிரெட்டா 50, இன்னோவா கிரிஸ்டா 55. இதில் 10 சதவீதம் கூட்டினால் கிரெட்டாவுக்கு 55, கிரிஸ்டாவுக்கு 60 தாண்டும். அந்த அளவில் பில் வந்தால் ரத்தக் கொதிப்பு வேண்டாம். ஆனால் 32 லிட்டர் வேகன்ஆரில் 45 என்று காட்டினால், அதுவும் முள் கால்வாசியில் இருந்தபோது போட்டது என்றால், அப்போது கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஜபல்பூரில் ஒரு நீதிபதியின் காரால் பங்க்கையே சீல் வைத்தார்களாமே?

ஆமாம், 2023 பிப்ரவரியில். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் காருக்கு பெட்ரோல் போட்டபோது, 50 லிட்டர் டேங்க்குக்கு 57 லிட்டர் என்று பில் வந்தது. அதிகாரிகள் வந்து பங்க்குக்கு சீல் வைத்தார்கள். செய்தி நாடு முழுக்கப் பரவியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50-க்கு 57 என்றால் 14 சதவீதம் கூடுதல். டேங்க் நன்றாகக் காலியாகி, கழுத்து வரை நிரப்பியிருந்தால் அது நடக்கக்கூடியதுதான். மத்திய அரசின் சட்டமுறை எடையளவுத் துறையும், வண்டிக் கம்பெனிகள் அறிவிக்கும் கொள்ளளவு உண்மையான கொள்ளளவைவிட 15 முதல் 20 சதவீதம் வரை குறைவாக இருக்கும் என்று விளக்கம் சொன்னது. நீதிபதியின் கார் என்பதால் ஆய்வு வேகமாக நடந்தது. நம் காராக இருந்தால் பங்க் மேனேஜரோடு வாய்ச்சண்டையோடு முடிந்திருக்கும். ஆனால் அடிப்படைத் தவறு இரண்டிலும் ஒன்றேதான்: கையேட்டு எண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது.

நாசில் தானாக "டக்"கென்று நிற்கிறதே, அப்போது டேங்க் நிறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

நாசிலின் மூக்கில் பெட்ரோல் பட்டுவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அது டேங்க் நிறைந்ததால்தான் நடக்கும், ஆனால் எப்போதும் அல்ல.

நாசிலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடி வரை போகும். பெட்ரோல் வேகமாக ஓடும்போது அந்தக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுனி ஓட்டையை பெட்ரோல் மூடியதும் காற்று வராது. உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு மெல்லிய தோல் இழுபட்டு, விசை விடுபடும். இதில் மின்சாரமோ சென்சாரோ எதுவும் கிடையாது, முழுக்க காற்றழுத்தத்தின் வேலை. அதனால்தான் நுரையும் அதை ஏமாற்றும். டீசல் நிறைய நுரைக்கும் என்பதால், டேங்க்கில் இடம் இருக்கும்போதே சில சமயம் கட் ஆகிவிடும்.

டேங்க் பக்கமும் ஒரு ஏற்பாடு உண்டு. டேங்க்கின் கூரையிலிருந்து ஒரு வால்வு கொஞ்சம் கீழே தொங்கும். பெட்ரோல் ஏறும்போது உள்ளே இருக்கும் ஆவி அதன் வழியாகத்தான் வெளியேறும். பெட்ரோல் அந்த உயரத்துக்கு வந்ததும் வால்வு மிதந்து மூடிக்கொள்ளும். ஆவிக்குப் போக வழியில்லை, உள்ளே அழுத்தம் ஏறும், பெட்ரோல் குழாய் வழியே திரும்ப மேலே வரும், நாசில் மூக்கில் படும், டக். வால்வுக்கு மேலே உள்ள காலி இடம் அப்படியே காலியாக நிற்கும். கம்பெனி அறிவித்த கொள்ளளவு இந்தப் புள்ளியை ஒட்டித்தான் வரும்.

ஆனால் இந்தப் புள்ளி ஒவ்வொரு பங்க்கிலும் கொஞ்சம் மாறும். நாசிலை எவ்வளவு ஆழமாக நுழைத்தார்கள், எவ்வளவு வேகமாக விட்டார்கள், கார் நிற்கும் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் கணக்கு. மழைத் தண்ணீர் ஓடுவதற்காக பங்க்குகளில் தரையைச் சரிவாகத்தான் போடுவார்கள். போன வாரம் ஒரு பங்க்கில் 33 லிட்டரில் கட் ஆன கார், இந்த வாரம் எதிர்ப்பக்க பங்க்கில் 35-ல் கட் ஆனால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

கட் ஆன பிறகு "ரவுண்டா போட்ருங்க" என்று சொல்லலாமா?

ஐம்பது காசு, ஒரு ரூபாய் ரவுண்ட் ஆவதற்கு என்றால் பரவாயில்லை. அது சில மில்லிலிட்டர்தான். 2,860-ல் கட் ஆனதை 3,000 ஆக்குங்கள் என்பதுதான் பிரச்சினை. அது ஒரு லிட்டருக்கு மேல். இங்கே இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பங்க் ஊழியரும் காரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, காற்றுப் போக விட்டு, நாசிலை லேசாக அழுத்தி அழுத்தி ஊற்றுவார். கஸ்டமர் கேட்டதைச் செய்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கூடுதல் பெட்ரோல் போய் உட்காருவது ஆவிக்கென்று விட்ட இடத்தில். பெட்ரோல் கார்களில் டேங்க்கிலிருந்து வரும் ஆவி நேராக வெளிக்காற்றுக்குப் போவதில்லை. கரித்துண்டுகள் நிரப்பிய ஒரு டப்பாவுக்குப் போகும். மெக்கானிக்குகள் அதை கேனிஸ்டர் என்பார்கள். கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எஞ்சின் ஓடும்போது அதை இழுத்து எரித்துவிடும். ஆவியைப் பிடிக்கத்தான் அந்தக் கரி. திரவமாக பெட்ரோல் வந்தால் ஊறிப்போகும். அப்புறம் பெட்ரோல் வாடை, ஃபுல் டேங்க் போட்டதும் ஸ்டார்ட்டிங் தொந்தரவு, சில நேரம் எஞ்சின் விளக்கு. இதெல்லாம் வந்து, கடைசியில் டப்பாவை மாற்ற வேண்டியிருக்கும். நூறு ரூபாய்க்குக் கூட ஊற்றிய பெட்ரோலுக்காக இந்தச் செலவு தேவையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் கட்டில் நிறுத்தச் சொல்வதுதான் என் வழக்கம். மிஞ்சிய சில்லறைக் கணக்குக்கு யுபிஐ இருக்கிறது.

டீசல் காரில் இந்தக் கரி டப்பா பெரும்பாலும் இருக்காது. அதனால் ஆபத்து குறைவு. ஆனால் வெயிலில் வீங்கி வழிந்தால் டீசல் பிசுபிசுப்பும் வாடையும் லேசில் போகாது.

வெயில் காலத்தில் டேங்க் ஃபுல் போட்டால் வெடிக்கும் என்று இந்தியன் ஆயிலே எச்சரித்ததாக ஒரு மெசேஜ் வந்ததே?

ஒவ்வொரு கோடையிலும் மாரியம்மன் திருவிழா மாதிரி தவறாமல் வரும் மெசேஜ் அது. பொய். இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. கம்பெனி குறிப்பிட்ட உச்ச அளவு வரை எந்தக் காலத்திலும் நிரப்பலாம். வெயிலையும் கணக்கில் வைத்துத்தான் வண்டியை வடிவமைக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். "பாதி டேங்க் மட்டும் போடுங்கள்", "தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விடுங்கள்" என்பதெல்லாம் தேவையில்லாத வேலை. மூடியைத் திறந்தால் ஆவி வீணாகும், அவ்வளவுதான்.

மீட்டரில் "0 கி.மீ." காட்டுகிறது. டேங்க் உண்மையிலேயே காலியா?

பெரும்பாலான கார்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறு. அதை நம்பி சாகசம் செய்ய வேண்டாம்.

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது மேலும் கீழும் போகும்போது மின்தடை மாறும். அதைப் படித்துத்தான் முள் நகர்கிறது. டேங்க் நேர் சதுரப் பெட்டி கிடையாது. சைலன்ஸர் குழாய்க்கும் பின் சீட்டுக்கும் அச்சுக்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்து இருக்கும். சில வண்டிகளில் நடுவே குழாய் போவதற்காகக் குதிரைச் சேணம் மாதிரி இரண்டு பள்ளங்களாகவே இருக்கும். மிதவை உயரத்தைத்தான் அளக்கிறது, லிட்டரை அல்ல. எனவே முதல் கால்பங்கு மெதுவாக இறங்கி, கடைசிக் கால்பங்கு சறுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். ஃபுல் என்ற கோட்டுக்கு மேலேயும் பெட்ரோல் இருக்கும். மிதவை கூரையைத் தொட்டு நின்றுவிட்டதால், அது கொஞ்சம் இறங்கும் வரை முள் அசையாது. "ஃபுல் போட்டு 80 கிலோமீட்டர் ஓடியும் முள் இறங்கவே இல்லை, என்ன மைலேஜ்!" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மீதி தூரம் காட்டும் எண், நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. ஜிஎஸ்டி சாலையில் நிதானமாகப் போய்விட்டு கிண்டி நெரிசலில் மாட்டினால் அந்த எண் வேகமாகக் கரையும்.

டேங்க்கின் அடியில் எப்போதும் கொஞ்சம் தங்கும். பம்ப் அதை உறிஞ்ச முடியாது. ஆகவே கம்பெனி சொன்ன 37-ல் எல்லாமே எஞ்சினுக்குப் போகும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். சுற்றிலும் உள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. அடிக்கடி வறண்டு ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போகும். டீசலில் முழுக்கத் தீர்ந்தால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து, பிறகு டீசல் ஊற்றினாலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகாது.

எனக்கு நேர்மாறான பிரச்சினை. முள் கீழே படுத்திருக்கும்போது போட்டாலும் 30 லிட்டருக்கு மேல் ஏறுவதில்லை. 37 லிட்டர் டேங்க் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. முள் படுத்தாலும் சில லிட்டர்கள் உள்ளே இருக்கின்றன. அதோடு 30-ஐக் கூட்டுங்கள். விளக்கு எரியும்போது பல கார்களில் 5, 6 லிட்டர் மிச்சம் இருக்கும்படி வைத்திருப்பார்கள்.

உண்மையிலேயே சொன்னதைவிடக் குறைவாகக் கொண்ட ஒரு கார் உண்டு. டொயோட்டா பிரையஸின் இரண்டாம் தலைமுறை, வட அமெரிக்காவில் விற்றது. ஆவியைக் குறைப்பதற்காக டேங்க்குக்குள் நெகிழும் பை ஒன்றை வைத்தார்கள். பெட்ரோல் ஏற ஏற பை விரியும், தீரத் தீரச் சுருங்கும். குளிர்காலத்தில் பை விறைத்துக்கொண்டு முழுதாக விரியாது, அறிவித்த 11.9 கேலன், அதாவது சுமார் 45 லிட்டரில், கணிசமாகக் குறைவாகத்தான் ஏறும். உரிமையாளர்கள் புலம்பித் தீர்த்தார்கள்.

என் காரின் உண்மையான கொள்ளளவை நானே கண்டுபிடிக்க முடியுமா?

துல்லியமாக வேண்டுமென்றால் டேங்க்கை இறக்கி, காயவைத்து, அளந்து ஊற்ற வேண்டும். வீட்டில் செய்யும் காரியம் அல்ல. ஆனால் பயனுள்ள அளவுக்கு ஒரு மதிப்பு கிடைக்கும். எரிபொருள் விளக்கு எரிந்ததும், வழக்கமாகப் போகும் பங்க்குக்குப் போய், முதல் கட் வரை போட்டு, லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில தடவை இப்படிச் செய்தால் ஓர் எண்ணைச் சுற்றியே வரும். விளக்கு எரிந்ததிலிருந்து முதல் கட் வரை உங்கள் கார் கொள்ளும் அளவு அதுதான். அன்றாடத்துக்கு இந்த எண்தான் உதவும். தீர்ந்து நிற்கும் வரை ஓட்டிப் பார்த்து, பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றும் பரிசோதனை மட்டும் வேண்டாம்.

மைலேஜ் பார்க்கிறவர்களும் கையேட்டு எண்ணைத் தொடவே கூடாது. ஒரு முதல் கட்டிலிருந்து அடுத்த முதல் கட் வரை எத்தனை கிலோமீட்டர், இரண்டாம் முறை பில்லில் எத்தனை லிட்டர், வகுத்தால் முடிந்தது. டேங்க் எத்தனை லிட்டர் என்பதே இந்தக் கணக்கில் வராது.

பங்க்கின் மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் என்ன செய்வது?

5 லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட அந்தப் பாத்திரம் இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். உலர்ந்த பாத்திரத்தில் முதல் முறை ஊற்றினால் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் ஒருமுறை நனைத்து வடித்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். நுரை அடங்கும் வரை பொறுத்து, கழுத்தில் உள்ள கோட்டைப் பாருங்கள். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 0.5 சதவீதம். அதற்கு மேல் குறைந்தால் அது குற்றம்.

இந்த 0.5 சதவீதத்தை மனதில் வைத்து மறுபடி முதல் கேள்விக்குப் போங்கள். 40 லிட்டருக்கு அனுமதித்த பிழை 200 மில்லி. உங்கள் டேங்க்கின் கொள்ளளவோ நாலைந்து லிட்டர் முன்னே பின்னே ஆடுகிறது. அவ்வளவு ஆடும் ஒன்றை வைத்து 200 மில்லி பிழையைப் பிடிப்பது நடக்காத காரியம்.

மோசடியே இல்லை என்று சொல்லவரவில்லை. 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச சிறப்புக் காவல் படை பங்க்குகளில் சோதனை போட்டபோது, மீட்டருக்குள் ரகசியமாக வைத்த சிப்புகளும் அவற்றை இயக்கும் ரிமோட்டுகளும் கிடைத்தன. அந்த மாதிரி ஏமாற்று வேலை லிட்டருக்குச் சில சதவீதம்தான் திருடும். யாருடைய டேங்க்கும் "பொங்கி வழிந்து" அதைக் காட்டிக்கொடுக்காது. கையேட்டு எண்ணைத் தாண்டாத பில்லிலும் திருட்டு இருக்கலாம். தாண்டிய பில் சுத்தமாகவும் இருக்கலாம்.

பாத்திரம் தர மறுத்தாலோ அளவு குறைந்தாலோ, பில்லோடு புகார் செய்யுங்கள். தமிழ்நாட்டில் எடையளவு சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எண்ணெய் நிறுவனத்தின் புகார் எண் பங்க்கிலேயே பலகையில் இருக்கும்.

விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

பூமிக்கு அடியில் இருக்கும் தொட்டியின் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை. கூட்டம் இருக்காது என்பதற்காக வேண்டுமானால் காலையில் போகலாம்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு ஃபுல் டேங்க்கில் ஓடும் தூரம் குறைந்துவிட்டது. டேங்க் கொள்ளளவில் ஏதாவது மாற்றமா?

டேங்க் அதேதான். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதில் 20 சதவீதம் கலந்தால் ஒவ்வொரு லிட்டரிலும் கிடைக்கும் ஆற்றல் குறையும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று சொன்னது; இ20-க்கென்றே சரிசெய்த கார்களில் இழப்பு குறைவு. ஃபுல் டேங்க்கில் 600 கிலோமீட்டர் போன பழைய கார் 560-ல் நின்றால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பைக்குக்கும் இதே கதைதானா?

ஏறக்குறைய. ஆனால் பைக்கில் டேங்க் கண்ணெதிரே இருப்பதால் ஆசை அதிகம்: விளிம்பு வரை ஊற்றச் சொல்வார்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் டேங்க் 9.8 லிட்டர். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் போட்டால் குறைவாகப் பிடிக்கும், சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்திப் போட்டால் அதிகம். விளிம்பு வரை ஊற்றி வெயிலில் நிறுத்தினால் மூடி ஓரமாகக் கசிவது பைக்கில் நன்றாகவே தெரியும். மூடிக்குக் கீழே உள்ள வளையம் வரை மட்டும் போடுங்கள்.

எல்பிஜி, சிஎன்ஜி வண்டிகளில்?

எல்பிஜி டேங்க்கை 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். திரவ எல்பிஜி பெட்ரோலைவிட மிக அதிகமாக வீங்கும் என்பதால் 20 சதவீத இடம் கட்டாயம் காலி. நிறுத்தும் வால்வும் அதற்கென்றே இருக்கிறது.

சிஎன்ஜியில் குழப்பம் வேறு மாதிரி. "60 லிட்டர் சிலிண்டர்" என்றால் அதில் 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று அர்த்தம். வாயுவை கிலோ கணக்கில்தான் போடுவார்கள். வேகமாக ஏற்றும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகிவிடும். சூடான வாயு சீக்கிரம் அழுத்தம் காட்டும், கிலோ குறைவாகவே ஏறும். நண்பகலில் வரிசையில் நின்று போட்டவருக்கும் இரவில் போட்டவருக்கும் கிலோ வித்தியாசப்படுவது இதனால்தான்.

முன்பெல்லாம் ஒழுங்காகப் பிடித்த டேங்க், இப்போது பாதியிலேயே டக் டக்கென்று கட் ஆகிறது. என்ன செய்ய?

முதலில் பங்க்கை மாற்றிப் பாருங்கள். நாசிலே கோளாறாக இருக்கலாம். அடுத்த பங்க்கிலும் அதே கதை என்றால் ஊற்றும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்போது மட்டும் ஏறுகிறது என்றால் ஆவி வெளியேறும் பாதையில் அடைப்பு. மேலே சொன்ன ரவுண்டப் பழக்கத்தால் கேனிஸ்டர் ஊறிப்போயிருந்தாலும் இப்படி ஆகும். காரின் அடிவயிறு எங்காவது ஸ்பீட் பிரேக்கரிலோ கல்லிலோ பலமாக இடித்திருந்தால், டேங்க் உள்ளே ஒடுங்கி மிதவையும் மாட்டியிருக்கலாம். லிப்டில் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது "பெட்ரோல் ஏற மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை லிட்டரில், எந்த வேகத்தில் கட் ஆகிறது என்பதையும் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.